இணைச்சீர்ப் பக்கம்

ஓர் அண்ணனையும் தங்கையையும் மணமக்கள் என்று போட்டுவிட்டேன். மூன்று நாள் அது இணையத்தில் இருந்தது. கிணத்துக்கடவைச் சுற்றி அறுபது எழுபது வீடுகளிலாவது பார்த்திருப்பார்கள்.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

சாஜிதா பேகம் ஐப்பசியில் என்னைத் தேடி வந்தார். உக்கடத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் போட்டோகிராபர். நாற்பது வயதிருக்கும். ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு நான் செய்திருந்த வெப்சைட்டைப் பார்த்துவிட்டு, அந்த முதலாளியிடமே என் நம்பரை வாங்கியிருந்தார். நான் சிங்காநல்லூரில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஹாலில் ஒரு மேசை, இரண்டு திரை. அவ்வளவுதான் ஆபீஸ்.

"எனக்கு மூணு தொழிலுங்க தம்பி," என்றார். "கல்யாணத்துல நடக்கற சீரு சடங்கெல்லாம் எடுக்கறேன். மோட்டாரு, பம்பு, கிரைண்டரு, இதெல்லாம் கேட்லாக்குக்கு எடுக்கறேன். பொறந்த கொழந்தைகள எடுக்கறேன். மூணையும் ஒரே எடத்துல காட்டோணும். ஆனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறப்படாது."

"ஏறறதுன்னா எப்படிங்க்கா?"

"பம்பு கம்பெனி மொதலாளி உள்ள வர்றாருன்னு வைங்க. மொதப் படமே தொட்டில்ல கொழந்தைன்னா என்ன நெனப்பாரு? இந்தம்மா பவுடர் அடிக்கற பார்ட்டின்னு போயிருவாரு. கல்யாணத்துக்குப் பாக்கற அம்மணிக பம்பப் பார்த்தா, 'நம்ம புள்ளையையும் போல்ட்டு நட்டு மாதிரிதான் எடுப்பா'ம்பாங்க."

யோசித்துச் சொன்னேன். முதல் பக்கத்தில் மூன்று கட்டங்கள், ஒரே அளவு, எதுவும் மேலே கீழே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி. முதலாளிக்கு மெஷின் பக்கத்தை மட்டும் அனுப்பலாம். கல்யாண வீட்டுக்குச் சீர்ப் பக்கத்தை மட்டும். ஒன்றுக்குள் போனவருக்கு மற்ற இரண்டும் கண்ணில் படாது. தேடினால் கிடைக்கும்.

"மூணு வாசல் வெச்ச ஊடு," என்றார்.

"ஆமாங்க்கா."

"அது சரி. ஆனா இந்தச் சீருப் பக்கந்தான் எனக்கு உசுரு. பதினோரு வருசமா கவுண்டரூட்டுக் கல்யாணமாப் போறேன். மொதல்ல, 'பாய் ஊட்டுப் பொண்ணுக்கு நம்ம சீரு என்ன தெரியும்'னுதான் கேட்டாங்க. இப்பச் சில எடத்துல கல்யாணம் நடத்தி வெக்கற அருமைக்காரரே என்னயத் திரும்பிப் பாக்கறாரு, அடுத்தது என்ன சாஜிதான்னு. ஒரு சீரு மாறி ஒரு படம் போனதில்ல இன்னி வரைக்கும்."

அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு டாக்டர் தன் படிப்பைச் சொல்வதுபோலச் சொன்னார்.

கிளம்பும்போது உள்ளே எட்டிப் பார்த்தார். "ஊட்ல அம்மணி இல்லீங்களா?"

"ஊருக்குப் போயிருக்கா," என்றேன்.

என் மனைவி மாசியில் இறந்துவிட்டாள். காய்ச்சல், நான்கு நாள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கூரியர்காரர், மாடியில் குடிவந்த புதியவர்கள், எல்லோரிடமும் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வராது.

"வந்ததும் அவங்களையும் ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. பொம்பளைக கண்ணுக்குச் சிலது பளிச்சுன்னு தெரியும்," என்றார்.

"சரிங்க்கா."

பென் டிரைவில் மூன்று ஃபோல்டர்கள் கொடுத்தார். சீர் ஃபோல்டரில் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். பெயர் இல்லை, எண்தான். அதற்கென்று இரண்டு தாளில் கையால் எழுதியிருந்தார். எந்த எண் எந்தச் சீர், படத்தில் இருப்பவர் யார் என்று, ஊர் வாரியாகத் தலைப்புப் போட்டு.

மெஷின் பக்கத்தை நான்கு நாளில் முடித்தேன். அவர் நன்றாக எடுத்திருந்தார். ஒரு ஐந்து ஹெச்பி மோட்டாருக்கு நிழல் எங்கே விழ வேண்டும் என்று தெரிந்து எடுத்த படங்கள். எனக்கும் அது லேசாக இருந்தது. குழந்தைப் பக்கம் கொஞ்சம் இழுத்தது. அதையும் முடித்தேன்.

சீர் ஃபோல்டரைத் திறந்தேன், மூடினேன். மறுநாளும் அதேதான். அவர் இரண்டு முறை போனில் கேட்டார். ஆகிக்கொண்டிருக்கிறது என்றேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். படங்களை விரல் நகம் அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொண்டேன். அந்த அளவில் முகம் தெரியாது. நிறம் மட்டும் தெரியும். நிறத்தை வைத்து முப்பது படங்களை எடுத்தேன். முகப்புக்கு எண் 187. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வேட்டி, பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி. இடது பாதி இருட்டு, எழுத்துப் போட வசதி. கீழே 'மணமக்கள், கிணத்துக்கடவு' என்று அடித்தேன். ஊர்ப் பெயர் மட்டும் தாளில் இருந்த ஊர்த் தலைப்பிலிருந்து எடுத்தது. தாளில் வேறு எதையும் நான் படிக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை வெப்சைட் வெளியே போனது. சாஜிதாக்கா அன்று ஏதோ ஃபவுண்டரியில் வேலையில் இருந்தார். போனில் திறந்து பார்த்தார். 187 அவருக்கே மிகப் பிடித்த படம். அதைப் பெரிதாக முகப்பில் பார்த்ததும், கீழே இருந்த சின்ன எழுத்தைப் படிக்கத் தோன்றவில்லை. "அருமைங்க தம்பி" என்று எனக்கு ஒரு செய்தி போட்டுவிட்டு, சீர்ப் பக்கத்தின் முகவரியைத் தன் கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை மாலை கூப்பிட்டார்.

"தம்பி, முகப்புல இருக்கறது யாருன்னு போட்டிருக்கீங்க?"

"மணமக்கள்னு."

"அது சரவணனும் அவன் தங்கச்சி மதிவதனியும். அது இணைச்சீருங்க தம்பி."

போனைக் காதில் வைத்துக்கொண்டே அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

இணைச்சீர் என்பது மாப்பிள்ளைக்கும் அவன் கூடப்பிறந்தவளுக்கும் நடப்பது. தாலி கட்டுவதற்கு முன்னால். அண்ணன் பக்கத்தில் தங்கை பட்டும் நகையுமாக உட்காருவாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். இவனுக்குக் கல்யாணமானாலும் பிறந்த வீட்டில் உன் இடம் உனக்கு உண்டு என்று ஊர் முன்னால் சொல்லும் சீர். தெரியாதவர் பார்த்தால் அவளைத்தான் மணப்பெண் என்பார்.

நான் தெரியாதவன் இல்லை. நாங்கள் நாயுடு. என் மனைவி கவுண்டர் வீட்டுப் பெண், காங்கேயம் பக்கம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. அழைப்பு வந்தது. ஆனால் இணைச்சீருக்கு அவளை உட்காரவைக்கவில்லை, என்னைக் கட்டிக்கொண்டதால். சித்தப்பா மகளை உட்காரவைத்தார்கள். இவள் மண்டபத்தில் நான்காவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "அவ முந்தியச் சரியாப் புடிக்கல," என்று மட்டும் சொன்னாள்.

அதைப் பார்த்த எனக்கு 187 என்னவென்று ஒரு நொடியில் தெரிந்திருக்க வேண்டும். பார்த்திருந்தால்.

வரியை மாற்றினேன். 'இணைச்சீர், சரவணன் – மதிவதனி, கிணத்துக்கடவு.' இரண்டு நிமிட வேலை. அதற்குள் எல்லாம் ஆகியிருந்தது. சரவணனின் நண்பர்கள் குரூப்பில் படம் சுற்றியிருக்கிறது. 'மாப்ள, சொத்து வெளிய போகக் கூடாதுன்னு முடிவு பண்ணீட்டயா' என்று ஒருவன். மதிவதனியின் புகுந்த வீட்டுக் குரூப்பிலும் யாரோ போட்டிருக்கிறார்கள். சரவணனின் மனைவி அழுதிருக்கிறாள். அவன் அம்மா காளியாத்தாள் சாஜிதாக்காவைக் கூப்பிட்டு, தையில் பங்காளி வீடுகளில் நடக்கவிருந்த மூன்று கல்யாணத்துக்கும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

"உனக்கு எங்க சீரு தெரியும்னு நெனச்சுப்போட்டோம் சாஜிதான்னாங்க," என்றார் அக்கா. குரல் எப்போதும்போல் இல்லை. "நாளைக்கு நேர்ல போயிச் சொல்லோணும். நீங்களும் வாங்க தம்பி. நாஞ்சொன்னா சாக்குச் சொல்றேம்பாங்க."

மறுநாள் காலை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் அவர். மடியில் ஒரு ஆல்பம். சரவணன் கல்யாணத்துக்குப் போட்ட அதே ஆல்பத்தின் இன்னொரு பிரதி.

"மூணு கல்யாணம் போறது பெரிசில்லைங்க," என்றார். "அந்தப் பக்கம் ஒரு ஊட்டுல நல்லாச் சொன்னா எட்டு ஊட்டுக்குப் போவும். கெட்டாச் சொன்னா இருவது ஊட்டுக்குப் போவும். 'அவளுக்கு நம்ம மொற தெரியாது'ங்கற ஒரு பேச்சு வந்துட்டா, பதினோரு வருசமும் தண்ணியில போட்டாப்பலதான்."

ஈச்சனாரி தாண்டியதும் கேட்டார், "அம்மணி இன்னும் வர்லீங்களா?"

"இல்லீங்க்கா."

தென்னந்தோப்புக்கு நடுவில் புதிதாகக் கட்டிய மாடி வீடு. காளியாத்தாளுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். எங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும், "வாங்க. உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க, அப்பறம் பேசிக்கலாம்," என்றார். அம்மா வீட்டுக்கு வந்திருந்த மதிவதனி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சரவணன் வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி மாடியில் இருந்தாள். இறங்கி வரவில்லை.

தண்ணீர் குடித்தோம்.

"ஏனுங் தம்பி," என்றார் காளியாத்தாள், "கண்ணு நல்லாத் தெரியுதுங்களா உங்களுக்கு?"

"தெரியுதுங்கம்மா."

"எம்மருமவ மூணு நாளா ஒழுங்காச் சோறு திங்கலீங்க. 'எங்கல்யாணத்துல நான் யாருங்க அத்தை'ன்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்லட்டுங்க? நீங்களே சொல்லுங்க."

"எங்கூட்டுக்காரரு அதுக்கு மேல," என்றாள் மதிவதனி. "'அப்ப நான் யாருன்னு அந்த வெப்சைட்ல கேட்டுச் சொல்லு'ங்கறாரு."

"நீ சும்மா இரு அம்மணி. சிரிக்கற நேரமா இது?"

"அழுதுட்டா இருக்கறது? நாந்தானம்மா அந்தப் படத்துல இருக்கறேன்."

சாஜிதாக்கா ஆல்பத்தைத் திறந்தார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் பேசினேன்.

"தப்பு என்னுதுங்க. அக்கா ஒவ்வொரு படத்துக்கும் என்ன சீர், யாருன்னு எழுதிக் குடுத்திருந்தாங்க. நான் படிக்கல. படத்தையும் சரியாப் பாக்கல."

"அதத்தானுங்க கேக்கறேன். படம் போடற வேலைய வாங்கிட்டு, படத்த ஏன் பாக்கல?"

அதற்குப் பல பதில் இருந்தது. கவனக்குறைவு என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார்கள், வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். நான் சொன்னது இது:

"எம்பொண்டாட்டி மாசியில தவறிட்டாங்க. கல்யாணப் படம் எதையும் பாக்க முடியலைங்க."

சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

காளியாத்தாள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அட சாமி. அந்தப் புள்ளைக்கு என்ன வயசு கண்ணு?"

"இருவத்தெட்டுங்க."

"கொழந்தை?"

"இல்லீங்க."

"சோறு யாரு ஆக்கறா?"

"நானேதாங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மதிவதனி உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள். அந்த அறையில் அதுவரை இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. உடனே தெரிந்தது.

"ஏஞ்சாஜிதா," என்றார் காளியாத்தாள், என் கையை விடாமல். "சாவு விழுந்து வருசந்திரும்பாத ஊட்டுலயா எங்க சீருப் படத்தக் குடுத்து வெச்ச? மத்தவங்களுக்குத் தெரியாது சரி. உனக்கு எல்லா மொறையும் தெரியும்பயே."

சாஜிதாக்கா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறை.

அவருக்கு அது அப்போதுதான் தெரியும். 'ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னாருங்க' என்று ஒரு வரி சொன்னால் போதும். நியாயம் அவர் பக்கம்.

"தப்புத்தானுங்கம்மா," என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். காபியைக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

"சரி, அந்தப் படத்த மொதல்ல எடுத்துருங்க," என்றார் காளியாத்தாள்.

"எதுக்கு எடுக்கறது?" என்றாள் மதிவதனி. "பேருதான் தப்பு, அதைய மாத்தியாச்சு. சீரு என்ர சீரு. நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன், என்னய எதுக்கு எடுக்கறீங்க?"

கொஞ்ச நேரம் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டார்கள். படம் இருக்கட்டும் என்று முடிந்தது. தை மாதக் கல்யாணங்களைப் பற்றிச் சாஜிதாக்கா கேட்டபோது, "அதுக்கு வேற ஆளுக்குச் சொல்லீட்டோம் சாஜிதா," என்றார் காளியாத்தாள். வாசல்வரை வந்து என்னை மட்டும் பார்த்து, "ஒடம்பப் பாத்துக்க கண்ணு," என்றார்.

பஸ் ஸ்டாப்பில் வெயில். அக்கா ஆல்பத்தை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொன்னீங்க."

"ஆமாங்க்கா."

"இன்னிக்குக் காத்தால பஸ்ஸுலயும்."

"ஆமாங்க்கா."

"தெரிஞ்சிருந்தா மெஷின மட்டும் குடுத்திருப்பேன். கொழந்தைப் படத்தக்கூடக் குடுத்திருக்க மாட்டேன். மொறைக்காக இல்லீங்க. உங்களுக்காக."

"நீங்க அங்க ஏங்க்கா ஒண்ணும் சொல்லல?"

"பொண்டாட்டியப் பறிகுடுத்தவரு, பொய் சொன்னாருன்னு நாலு பேரு முன்னாடி எப்படிங்க சொல்றது? வாயி வருங்களா?"

பஸ் வந்தது. கூட்டம். வேறு வேறு இடத்தில் நின்றுகொண்டு வந்தோம்.

இரண்டு நாள் கழித்துக் காளியாத்தாள் என்னைக் கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார். சிங்காநல்லூர்ப் பக்கம் வரும் ஒருவரிடம் பத்துத் தேங்காய் கொடுத்துவிட்டிருப்பதாகச் சொன்னார். தேங்காய் வந்தது. சமையலறை மூலையில் அடுக்கி வைத்தேன். மறுநாள் மதிவதனி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'அண்ணி கொஞ்சம் சரியாயிட்டாங்க. உங்களைப் பத்திச் சொன்னதும் பாவம்னாங்க.'

எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். சாஜிதாக்காவிடமிருந்து மட்டும் போன் இல்லை. மெஷின் பக்கத்தில் ஒரு திருத்தம் வேண்டும் என்று ஒரு வரிச் செய்தி. செய்து கொடுத்தேன். 'நன்றி' என்று வந்தது.

அந்த வீட்டில் நான் தப்பித்தது என் மனைவியை வைத்து. அவள் உயிரோடு இருந்தபோது என்னால் ஒரு இடத்தை இழந்தாள். இறந்த பிறகு அவள் சாவைச் சொல்லி இன்னொரு பெண்ணின் இடத்தை இழக்கவைத்தேன். இப்படி நினைத்ததும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தேங்காயைப் பார்க்க மட்டும் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் காளியாத்தாளைக் கூப்பிட்டேன்.

"சொல்லு கண்ணு. காயி வந்துச்சா?"

"வந்துச்சுங்கம்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. சாஜிதாக்காவுக்குத் தெரியாதுங்க."

"என்ன தெரியாது?"

"எம்பொண்டாட்டி இறந்தது. நான் மறைச்சுட்டேன். ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லியிருந்தேன். அன்னிக்கு உங்க ஊட்டுல நான் சொன்னப்பத்தான் அவங்களுக்கே தெரியும். தெரிஞ்சிருந்தா அந்தப் படத்தைக் குடுத்திருக்க மாட்டாங்க."

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. யாரையோ அதைக் குறைக்கச் சொன்னார்.

"அவ ஒண்ணும் சொல்லலையே அன்னிக்கு."

"எனக்காகச் சொல்லலைங்க."

"நீங்களும் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க."

"ஆமாங்கம்மா."

"நான் அவளக் கேட்டப்ப."

"ஆமாங்கம்மா."

"காப்பி குடிச்சீங்க."

"ஆமாங்கம்மா."

கண்ணு போய் மறுபடி நீங்கள் வந்துவிட்டது.

"செத்தவளப் போயி ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லுவாங்களா யாராச்சும்?" என்றார். அது கேள்வியா என்று தெரியவில்லை. பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சாஜிதாக்கா வீட்டுக்கே வந்தார். ஹாலில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு கல்யாணம் திரும்பி வந்துருச்சுங்க. மூணாவது ஊட்டுல வேற ஆளுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாங்களாம். பரவால்ல. காளியாத்தாம்மா அவங்களே கூப்பிட்டுச் சொன்னாங்க. 'அன்னிக்கு வாயத் தொறந்திருக்கலாமல்ல'ன்னு ஒரு திட்டு வேற எனக்கு."

"சந்தோசங்க்கா."

"ஒண்ணு சொல்லோணும், தப்பா நெனைக்கப்படாது. சீருப் பக்கத்த வேற ஒருத்தர்கிட்டக் குடுத்திருக்கேன். பாப்பநாயக்கன்பாளையத்துல ஒரு பொண்ணு. மெஷினும் கொழந்தையும் நீங்களே பாருங்க."

"காளியாத்தாம்மா சொன்னாங்களா?"

"இல்ல. நானேதான்."

"சரிங்க்கா."

அந்தப் பெண்ணுக்கு வேண்டிய ஃபைல்களை அவர் முன்னாலேயே எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஆனது. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் படம் எதுவும் இல்லை. நான் மாட்டவில்லை.

"பேரு என்னங்க?" என்றார்.

"எந்த ஃபைலுக்குங்க்கா?"

"உங்க ஊட்டு அம்மணிக்கு."

"சண்முகப்பிரியா."

மாசிக்குப் பிறகு நான் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"படம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"செல்போன்ல இருக்குதுங்க்கா. நான் எடுத்தது. ஒண்ணும் சரியா வரல. எல்லாம் ஆடிப்போயிருக்கும்."

"ஆடியிருந்தாலும் ஆகும். அனுப்புங்க, பார்த்துச் சரி பண்ணித் தாரேன்."

சரி என்றேன். படிவரை போய் வழியனுப்பினேன். ஒன்பது படங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். பெரிதாக்கித்தான் பார்த்தேன்.

இன்னும் அனுப்பவில்லை.